வாசலடியில் நின்ற ரசிகன்

அன்பு மகனுக்கு,

நமது கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்டக் குழு, இந்த வசந்தகாலத்தின் கடைசிப் பயிற்சி ஆட்டத்துக்கு நாலு பக்கத்தில் ஒரு சிறு மலர் போடுவதாகவும், அதற்கு நான் ஓர் ஆசிச்செய்தி எழுதித் தரவேண்டும் என்றும் உங்கள் செயலாளர் போன கிழமை கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் நம் ஊர்க்காரர் கேட்பது அது ஒன்றுதான். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு அரைப்பக்க ஆசிச்செய்தி பெரிய வேலையில்லை. விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும் என்று தொடங்கி, வளர்க வாழ்க என்று முடித்தால் எல்லோருக்கும் திருப்தி. மூன்று நாள் தாளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். ஆசி வரவில்லை. உனக்குச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்து முன்னால் நின்றது. ஆகவே ஆசிச்செய்திக்கு ஒதுக்கிய இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடச் சொன்னேன். நீளம் கூடிவிட்டது என்று செயலாளர் முணுமுணுத்தார். பிறகு வாசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு தாள் சேர்த்தார்.

உனக்கு நேரே சொல்லியிருக்கலாம். இந்தப் பிரெஞ்சு நகரத்தின் லா சப்பல் பகுதியில், ஆறாம் மாடி அறை ஒன்றில்தான் நீ, நான், அம்மா மூவரும் இருக்கிறோம். உன் கட்டிலுக்கும் எங்கள் மெத்தைக்கும் நடுவில் ஒரு காஸ் அடுப்பு வைக்கத்தான் இடம். ஆனால் நான் செய்த பிழைக்காக நீ உன் நண்பர்கள் மத்தியில் ஒரு பட்டப்பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறாய். அதனால் அவர்களும் வாசிக்கிற இடத்தில்தான் இதைச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் யாருடைய பெயரும் இல்லை. பெயரை எழுதுவது எவ்வளவு பயமான வேலை என்று இந்தத் தாளை வாங்குகிற யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

வருகிற வியாழக்கிழமை உன் மேன்முறையீட்டு விசாரணை. நீ இந்த நாட்டில் இருப்பதா, திரும்பிப் போவதா என்பது அன்றைக்கு அந்த மேசையில் பேசப்படுவதில் தங்கியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மகன். அப்பா பயப்படுகிறார் என்று உனக்கு எப்போதோ தெரியும். எதற்கு என்பது மட்டும்தான் முழுவதும் தெரியாது.

முதல் தடவையாக மைதானத்துக்கு வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்கிறேன். பாடம் நடத்திய பழக்கம், பொறுத்துக்கொள். கோடையில் நடக்கும் சுற்றுப்போட்டிக்கு ஆட்களைத் தெரிவு செய்வதற்காக, பங்குனி பிறந்தவுடன் ஞாயிறு தோறும் நம் குழு தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடும். ஊரில் என்றால் கலியாணம் செய்தவர்கள் ஒரு பக்கம், செய்யாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிப்போம். இங்கே அப்படிப் பிரித்தால் ஒரு பக்கத்தில் நாலு பேர்தான் நிற்பார்கள். அதனால் யாரோ ஒரு குறும்பன் வேறு வழி கண்டுபிடித்தான். பத்து வருட வதிவிடக் கார்ட் கிடைத்தவர்கள் ஒரு பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று முத்திரை குத்தும் றிசிப்பிசே என்ற தற்காலிகக் காகிதக்காரர்கள் மற்றப் பக்கம். ஒரு பக்கத்தின் பெயர் ‘பத்து வருசம்’, மற்றதன் பெயர் ‘மூண்டு மாசம்’. கையில் எந்தக் காகிதமும் இல்லாதவர்களையும் மூண்டு மாசம் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும். யாருக்காவது கார்ட் கிடைத்தால் அடுத்த ஞாயிறு அவன் தலையைக் குனிந்துகொண்டு மறுபக்கம் போக வேண்டும். அன்று முழுக்க அவனுக்குக் கிடைக்கும் ஏச்சு இருக்கிறதே! ஒருவன் கார்ட் வந்த செய்தியையே இரண்டு கிழமை மறைத்துவிட்டு, மூண்டு மாசத்துக்கு இரண்டு கோல் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னான்.

நீ இந்த மூன்று வசந்தமும் மூண்டு மாசத்துக்குத்தான் ஆடுகிறாய். எண்பத்தாறாம் ஆண்டு நானும் அம்மாவும் இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு பயிற்சி ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. மழை என்றாலும் போவேன். வசந்தத்தில் நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற அந்த ஞாயிறு, குழுவில் பாதிப்பேர் மறந்துபோய் நித்திரை கொண்டபோதும் நான் சரியான நேரத்துக்கு மைதானத்தில் நின்றேன். ‘சேரைப்போல ஒரு ரசிகன் எங்களுக்குக் கிடையாது’ என்று பெடியள் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஏனென்றால், மகன், மூன்று வசந்தத்தில் நீ அடித்த ஒரு கோலைக்கூட நான் பார்த்ததில்லை.

உனக்கு அது தெரியும். போர்த் து லா சப்பலில் பெரிய வளைவீதிக்குக் கீழே இருக்கிற அந்த மண் மைதானத்துக்கு ஒரே ஒரு வாசல். நான் அந்த வாசலடியில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நிற்பேன். சட்டைப் பைக்குள் ஒரு விசில். கல்லூரியில் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்தபோது வைத்திருந்த அதே விசில். பொலிஸ் வாகனம் ஏதாவது அந்தப் பக்கம் திரும்பினால் ஊதுவதற்காக. ஒருவரும் என்னிடம் அந்த வேலையைத் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். பின்னால் ஆரவாரம் எழும்பும்போது கோல் என்று விளங்கும். யாருக்கு என்று விளங்காது. வீட்டுக்குப் போகும் வழியில் நீ, ‘இண்டைக்கு எப்பிடி அப்பா?’ என்று கேட்பாய். ‘நல்லாயிருந்தது’ என்பேன். நீ அதற்கு மேல் கேட்கமாட்டாய். கோல் அடித்தவுடன் நீ முதலில் வாசலைத்தான் திரும்பிப் பார்க்கிறாய் என்று அம்மா ஒருநாள் சொன்னாள். நீ பார்ப்பது என் முதுகைத்தான் என்றும் சொன்னாள்.

எங்களோடு எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நிற்பவரை எல்லோருக்கும் தெரியும். பழைய கோல் காப்பாளர். இடது முழங்கால் மடங்காது. ரூ பெர்தொனே தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு நிற்கிறார். ‘பத்து வருசம்’ பக்கத்து ஆள். ஆனால் ஆட முடியாததால் கொடி. அவரை நான் கீப்பர் என்றே எழுதுகிறேன். அந்த மனிதருக்கு வாய் ஓய்வதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோட்டு வழியே நொண்டிக்கொண்டு என் பக்கம் வரும்போது ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

“என்ன சேர், மட்ச் இஞ்சாலை. அங்காலை பஸ்தான் ஓடுது.”

“நீ உன்ரை கோட்டைப் பார்,” என்பேன்.

“நான் பாக்கிறன். நீங்களும் ஒருக்காப் பாருங்கோவன். ரிக்கற் இல்லாமல்தானே காட்டிறம்.”

அவருக்கு முன்னால் நிற்பதே எனக்குக் கஷ்டம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சித்திரை மாதத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆட்டத்தின் இரண்டாம் பாதி. ஒரு கடும் நீல வாகனம், பக்கத்தில் வெள்ளைக் கோடு, மெதுவாக வந்து வாசலில் நின்றது. தொப்பி போட்ட மூன்று பேர் இறங்கினார்கள். நான் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மைதானம் சிதறிவிட்டது. மூண்டு மாசம் ஓடியது. பத்து வருசமும் ஓடியது. கார்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, யாரும் எதுவும் செய்ய முடியாத ஆட்கள், மூண்டு மாசக்காரரை முந்திக்கொண்டு பின்வேலியில் ஏறினார்கள். உடம்புக்குக் கார்ட் கிடைத்தது தெரியாது போலிருக்கிறது. நடுவர் ஓடினார். பந்து மட்டும் நடுவில் நின்றது. கீப்பரால் ஓட முடியாது. அவர் கொடியை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

அந்த மூன்று பேரும் நகரசபை வேலைக்காரர்கள். வாகனத்தின் பின்கதவைத் திறந்து, கோடு போடுகிற வெள்ளைத் தூள் வண்டியை இறக்கினார்கள். எங்கள் மைதானத்தில் கோடுகள் அழிந்துபோய்விட்டன என்று யாரோ அறிவித்திருக்கிறார்கள். வெறும் மைதானத்தையும், வாயில் விசிலோடு நிற்கும் என்னையும் பார்த்து, ஒருவன் சிநேகமாகத் தொப்பியைத் தொட்டு ‘போன்ஜூர் முசியே’ என்றான். பிறகு எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வேலியில் கிழிந்த காற்சட்டைகளை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். கீப்பர், ‘சேர் விசில் அடிச்சதாலை எங்கடை பெடியள் ஓட்டத்திலை தேறிட்டாங்கள், பந்துதான் பாக்கி’ என்றார். நானும் சிரிப்பது போலிருந்தேன்.

ஆனால் நான் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் வாசலை விட்டு விலகி ஓடினார்கள். நீ மட்டும் வாசலை நோக்கி ஓடிவந்தாய். அந்த மூன்று தொப்பிகளுக்கும் நேரே. வந்து என் கையைப் பிடித்து இழுத்தாய். “விடுங்கோ அப்பா, வாங்கோ, ஓடுவம்,” என்றாய். அவர்கள் உண்மையிலேயே பொலிஸாக இருந்திருந்தால், அன்று முழு மைதானத்திலும் பிடிபட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் நீ. உன்னைக் காப்பதற்காக என்று நான் போய் நின்ற இடம்தான் உன்னை அங்கே இழுத்திருக்கிறது. நான் எங்கே நின்றாலும் நீ அங்கேதான் ஓடிவருவாய் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இனிக் கீழே எழுதுவதை நீ உட்கார்ந்து வாசி.

ஊரில், நம் கல்லூரி மைதானத்தில் பயிற்சி ஐந்தரைக்கு முடிய வேண்டும் என்பது அதிபரின் கட்டளை. அந்தக் காலத்தில் பொழுது சாயும்முன் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அன்று நீ கல்லூரியை விட்டு மூன்று வருடமாகியிருந்தது. மாணவர் அணிக்குப் பயிற்சி கொடுக்கப் பழைய மாணவர்களை அழைத்திருந்தோம். நீ முன்னணியில். மாணவர் அணிக்கு ஆள் குறைந்ததால் கீப்பர் அந்தப் பக்கம் நின்றார். ஐந்தரைக்கு மணி அடித்தது. இரண்டுக்கு இரண்டு. சிற்றுண்டிச்சாலைக்காரர் வேலியடியில் வந்து நின்று, சந்தியில் இராணுவ ட்ரக் ஒன்று நிற்கிறது, ஆட்டத்தை நிறுத்தினால் நல்லது என்று சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அது ஒவ்வொரு நாளும் நிற்கிறதுதானே என்றேன். நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மகன். இரண்டுக்கு இரண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒரு கோல் விழட்டும், முடித்துவிடுவோம் என்று நினைத்தேன். விசில் என் கையில்தான் இருந்தது. இருபது நிமிடம் நான் அதை ஊதவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு நீ கோல் அடித்தாய். அதுதான் நீ அடித்து நான் பார்த்த கடைசிக் கோல். ஆறு மணிக்கு, சந்திக்கு இந்தப் பக்கம் வைத்து, உன்னையும் கீப்பரையும் இன்னும் இரண்டு பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். நீ இரண்டு மாதத்தில் வந்தாய். மற்ற இருவரும் உன்னோடு வந்தார்கள். கீப்பர் ஒரு வருடத்தின் பின் அந்தக் காலோடு வந்தார்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இது. மறுநாள் காலை பயிற்சிப் பதிவேட்டில் நான் ‘5.30க்கு நிறைவு’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பின்பு நீ இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டபோது, பொறுப்பாசிரியர் என்ற முறையில் ஒரு சாட்சிக் கடிதம் கேட்டாய். கல்லூரித் தாளில், என் அழகான கையெழுத்தில், பயிற்சி ஐந்தரைக்கு முடிந்தது, ஆடியவர்கள் உடனே கலைந்து சென்றார்கள், வழியில் நாலு பேர் கைது செய்யப்பட்டார்கள் என்று எழுதி அனுப்பினேன். பதிவேட்டில் எப்படியோ அப்படி. அதை எழுதும்போது எனக்குக் குற்றமாகக்கூடப் படவில்லை. இருபது நிமிடத்தை எடுத்துவிட்டால் கதை துப்புரவாக இருந்தது. ஒழுங்கான கல்லூரி, ஒழுங்கான ஆசிரியர், ஒழுங்கில்லாத இராணுவம்.

நீயோ நேர்முகத்தில் உண்மையைச் சொன்னாய். ஆட்டம் ஆறு மணிக்குச் சற்று முன்தான் முடிந்தது, நாங்கள் தெருவுக்கு வந்தவுடன் பிடித்தார்கள் என்று. ஐந்தரைக்கு முடிந்த ஆட்டத்திலிருந்து ஆறு மணிக்கு எப்படி வந்தாய், அந்த அரை மணித்தியாலம் எங்கே இருந்தாய் என்று அவர்கள் கேட்டார்கள். நீ திகைத்துப் போயிருப்பாய். ஏழு மாதத்துக்கு முன் நிராகரிப்புக் காகிதம் வந்தது. மொழிபெயர்த்துச் சொன்ன பெண் ஒவ்வொரு வரியாக வாசித்தாள்: விண்ணப்பதாரர் சொல்வதற்கும் ஆசிரியரின் சாட்சிக்கும் நேரத்தில் முரண்பாடு உண்டு; அது விளக்கப்படவில்லை; ஆகவே முழுச் சம்பவமும் நம்பத்தக்கதாக இல்லை.

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாய் திறக்க அந்த ஒரு நிமிடம் போதும். திறக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து நினைவு வைத்திருக்கிறேன். “நான்தான் பயத்திலை நேரத்தைக் குழப்பிப்போட்டன் அப்பா. நீங்கள் மாஸ்ரர். நீங்கள் பிழையா எழுதியிருக்க மாட்டியள்.”

அதன் பிறகு மைதானத்தில் உனக்குப் பெயரே ‘ஆறுமணி’ ஆகிவிட்டது. பந்தைத் தாடா ஆறுமணி, ஓடடா ஆறுமணி, உனக்கு இப்ப எத்தினை மணியடா. நீயும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாய். உன் நண்பர்களில் ஒருவனுக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கார்ட் இல்லாதவர்கள் தங்கள் நிராகரிப்பைப் பற்றி இப்படித்தான் பகிடி விடுவார்கள். ஆனால் அந்தப் பெயர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் தெருவை இன்னும் உற்றுப் பார்த்தேன். உங்களுக்கெல்லாம் சொல்கிறேன், பிள்ளைகளே: ஆறு மணி என்பதுதான் சரி. அவன் சொன்னதுதான் சரி. பிழையாக எழுதியவன் அவனுடைய தகப்பன்.

இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மணித்தியாலத்தையே நகர்த்துகிறார்கள். எல்லோருக்கும் அறிவித்துவிட்டு நகர்த்துகிறார்கள். அதனால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. நான் இருபது நிமிடத்தை ஒருவருக்கும் சொல்லாமல் நகர்த்தினேன். வகுப்பில் நான் எத்தனை பேருக்குப் புள்ளி குறைத்திருக்கிறேன் தெரியுமா? விடை சரி, ஆனால் நடுவில் ஒரு படியைக் காணவில்லை என்று. ‘படி இல்லாமல் விடைக்கு எப்படி வந்தாய், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாயா’ என்று கேட்டு எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். உன்னை எழுப்பி நிறுத்திய அந்த அதிகாரியும் என்னைப் போன்ற ஒரு வாத்தியார்தான். படியைக் காணவில்லை என்றார். அந்தப் படி என்னிடம் இருந்தது.

விசில் அடித்த அந்த ஞாயிறு முடிந்து மூன்றாம் நாள், மத்தியானம், ரூ பெர்தொனேக்குப் போனேன். கீப்பர் கடைக்கு வெளியே மரவள்ளிக்கிழங்குப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். காலை நீட்டி ஒரு வெற்றுப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிற்றுண்டிச்சாலைக்காரர் வந்து சொன்னதை, நான் நிறுத்தாததை, பதிவேட்டை, சாட்சிக் கடிதத்தை. அவருடைய காலைப் பார்க்காமல் சொல்ல முயன்றேன், முடியவில்லை. அவர் கிழங்குகளை உடைத்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கறுத்ததை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கேட்டார்:

“அந்தாள் வந்து சொன்னது எங்களுக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்? நான் கோலுக்கை நிண்டனான் சேர். வேலி எனக்குப் பின்னாலை. உங்களுக்குச் சொல்ல முதல் எனக்குத்தான் சொன்னவர்.”

“பிறகேன் நீ நிப்பாட்டேல்லை?”

“ரெண்டுக்கு ரெண்டு,” என்றார். “ஆர் நிப்பாட்டுவான்?”

அவர் இன்னொரு கிழங்கை உடைத்தார்.

“உங்கடை மகன் அண்டைக்கு அடிச்ச கோலை, நான் உள்ளை கிடந்து ஒரு வருசம் பிடிச்சுக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும். வலப்பக்கம் பாய்ஞ்சு பாத்தன், முன்னுக்கு வந்து பாத்தன். பிடிபடேல்லை சேர். அது இல்லாட்டி உள்ளை எனக்கு வேறை என்ன வேலை?”

பிறகு, சிரிக்காமல், இன்னொன்றும் சொன்னார். அதுதான் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த கடுமையான கண்டிப்பு. “உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. இருபது நிமிசத்துக்கும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதேக்கை அந்த இருபது நிமிசத்தை எடுத்துப்போட்டியள். அதோடை என்னையும் எடுத்துப்போட்டியள். அந்த நேரம் நான் அங்கை நிண்டனான் சேர்.”

மறுநாள் நாங்கள் இருவரும் ரூ லூயி-பிளாங் பக்கம் இருக்கிற உன் வழக்கறிஞரின் அறைக்குப் போனோம். புதிய சாட்சிக் கடிதம் ஒன்று எழுதினேன். முதற்கடிதம் ஏன் பிழை, யாருக்காக அப்படி எழுதினேன், ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை என்ன நடந்தது, யார் வந்து என்ன சொன்னார், நான் என்ன செய்யவில்லை. ஒரு படியும் விடவில்லை. அடியில் நானும் கீப்பரும் கையெழுத்து வைத்தோம். ஒரு சாட்சி தன் சொல்லைத் தானே மாற்றினால் அவர்கள் சந்தேகிக்கவும் கூடும் என்று வழக்கறிஞர் சொன்னார். உதவலாம், கெடுக்கவும் கெடுக்கலாம் என்றார். உன்னிடம் சொல்லாமல் இதைச் செய்தது இன்னொரு பிழையோ என்றும் தெரியவில்லை. வியாழக்கிழமைக்கு முன் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ வேண்டாம் என்றால் திங்கட்கிழமை காலை வழக்கறிஞரிடம் போய் அதைத் திரும்ப வாங்கலாம். வாங்கச் சொன்னால் வாங்குவேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே அவர்கள் உன்னை எத்தனை மணி என்று கேட்டால், ஆறு மணி என்று சொல். என்னைக் காப்பாற்றுவதற்காக ஐந்தரை என்று சொல்லிவிடாதே. உன் நெஞ்சில் அப்படி ஓர் எண்ணம் வரும் என்று எனக்குத் தெரியும். வாசலை நோக்கி ஓடிவந்தவன் நீ.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். இதை எல்லாம் அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். அவள் ரோல்ஸுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “அவனுக்குப் புத்தி வேண்டாம். நீங்கள் ஒருக்கா அவன் விளையாடிறதைப் பாருங்கோ, அது காணும்,” என்றாள். அதனால் புத்தியை விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒருமுறை பந்தைப் பார்த்துக்கொண்டு தெருவைப் பார்க்காமல் விட்டேன். அதன் பிறகு தெருவையே பார்த்துக்கொண்டு உன்னைப் பார்க்காமல் விட்டேன். இரண்டும் ஒரே பிழை என்று இப்போது தோன்றுகிறது. பயம் என்னை விட்டுப் போகவில்லை. வியாழக்கிழமை வரை போகாது. அதற்குப் பிறகும் போகும் என்று நான் நம்பவில்லை. நீ நாளைக்கு ஒரு பிள்ளைக்குத் தகப்பனானால் உனக்கும் வரும். வரும்போது அதோடு எங்கே நிற்பது என்று யோசித்துப் பார். நான் அதை யோசிக்காமல் நின்றுவிட்டேன்.

இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது ஆட்டம் தொடங்கியிருக்காது. நீ வாசலைப் பார்ப்பாய். அங்கே நான் இருக்கமாட்டேன். பயந்துவிடாதே. மறுகோடியில், முதற்பாதியில் மூண்டு மாசம் அடிக்கப்போகும் கோல் கம்பத்துக்குப் பின்னால், வாசலுக்குத் தொலைவில் நிற்பேன். விசிலைக் கீப்பரிடம் கொடுத்துவிட்டேன். எல்லைக்கோட்டுக்கு அது உதவுமாம். கோல் அடித்தால் என் பக்கம் பார். இந்தமுறை முகத்தைப் பார்ப்பாய்.

வாசலில் யாராவது வந்தால், நீ என்னிடம்தான் ஓடிவருவாய் என்று எனக்குத் தெரியும். வா. நான் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் வேலியின் அடிக்கம்பி விட்டுப்போயிருக்கிறது. நேற்றுப் பின்னேரம் தனியாகப் போய்ப் பார்த்தேன். மடித்து உயர்த்திக் கட்டிவிட்டு, நானே ஒருமுறை குனிந்து போய்த் திரும்பி வந்தேன். முதுகு தட்டவில்லை. உன்னை முன்னால் விட்டுவிட்டு நானும் பின்னால் வரலாம்.

அன்புடன்,
அப்பா